நனைந்த எரிமலை

முதலில் மேசைக்கு வந்தது விசிட்டிங் கார்டு. பட்டங்கள் ஒரு பக்கத்தில் அடங்காததால் அதை இரண்டாக மடித்து அச்சடித்திருந்தார்கள். அதன் பின்னால், மூச்சிரைக்க, பள்ளி முதல்வர் வந்தார்.

"நாசவேலை மேடம்! என் பள்ளியில! அதுவும் அறிவியல் கண்காட்சியில!"

துப்பறிவாளர் அம்மையார் பேனாவின் மூடியைத் திறந்தார். அவருக்கு உதவியாளனாக இருந்த கொழுந்தன் அதற்குள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

நடந்தது இதுதான். தாளாளர் மகனின் பெயரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் ஆளுயர எரிமலை ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தார். மலையின் வாயில் சமையல் சோடா. சிறப்பு விருந்தினர் வெள்ளி ஜாடியைச் சாய்த்ததும் நுரை பொங்கி வழிய வேண்டும்.

"வேதிவினை பத்தி முக்கால் மணி நேரம் நானே பேசினேன். அப்புறம் அவர் ஊத்தினார். ஒரு குமிழி வரலை மேடம்! மலை நனைஞ்சுது, அவ்வளவுதான். தாளாளர் பேயறைஞ்ச மாதிரி நின்னார். விருந்தினருக்கோ அதிர்ச்சியில தொண்டையே வறண்டுபோச்சு. ஜாடியில மிச்சம் இருந்ததை மடக் மடக்குனு குடிச்சப்புறம்தான் பேச்சே வந்துது."

"என்ன பேசினார்?"

"'கிளம்பறேன்'னார்."

கொழுந்தன் சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தான்.

குற்றவாளியையும் முதல்வரே கண்டுபிடித்திருந்தார். பக்கத்து மேசையில் களிமண்ணால் சின்ன எரிமலை செய்து வைத்திருந்த எட்டாம் வகுப்பு மாணவி. அவள் பையில் சோடாப் பொட்டலம் இருந்ததாம்.

"பொறாமை மேடம். மலையில இருந்த சோடாவைத் திருடிட்டு மாவைக் கொட்டிட்டா. டிசியில கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க ஒரு அறிக்கை கொடுத்தா இன்னிக்கே கையில கொடுத்து அனுப்பிடுவேன்."

"கையெழுத்து முதல்ல, விசாரணை அப்புறமா?"

"நேரம் மிச்சமாகுமேன்னுதான்."

கண்காட்சி மண்டபத்தில் தாளாளர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வேலைச் சீருடையோடு ஓடி வந்த அம்மாவின் பக்கத்தில், கண் சிவந்து அந்தப் பெண் நின்றாள். இந்தப் பள்ளியை விட்டால் அவளுக்குப் படிப்பு எங்கே என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

கொழுந்தன் பூதக்கண்ணாடியோடு ஏணியில் ஏறிவிட்டான்.

"அண்ணி! மாவேதான்! வெள்ளையா, கொழகொழன்னு இருக்கு!"

"சோடா மட்டும் என்ன பச்சையா தம்பி? ஒரு கரண்டி அள்ளிட்டு வா."

அம்மையார் மாணவியிடம் திரும்பினார். "உன் வினிகர் கொஞ்சம் தர்றியாம்மா?"

கரண்டியில் வினிகர் விழுந்ததும் உஸ்ஸென்று நுரை எழுந்து, மேசையில் வழிந்து, தாளாளரின் சட்டைக்கையை நனைத்தது. எல்லோரும் துள்ளி விலகினார்கள்.

"சோடாவுல வினிகர் பட்டாத்தான் இப்படிப் பொங்கும், மாவு பொங்காது. வெச்ச சோடா வெச்ச இடத்துலயே இருக்கு. யாரும் திருடலை. அப்போ தப்பு, ஊத்தினதுல இருக்கு."

"ஜாடியை மாத்தியிருக்கா!" என்றான் கொழுந்தன்.

"ஜாடி எங்க இருந்துது சார்?"

"என் ரூம்ல. பூட்டி வெச்சிருந்தேன். சாவி என்கிட்டதான்" என்றார் முதல்வர்.

"விருந்தினர் அதைக் குடிச்சார்னு நீங்கதானே சொன்னீங்க? வினிகரை அப்படிக் குடிச்சா தொண்டை எரியும். முகமாவது கோணியிருக்கும். அவருக்குத் தாகம் தீர்ந்திருக்கு. ஜாடியில இருந்தது தண்ணி."

"தண்ணியேதான்!" முதல்வர் நெஞ்சை நிமிர்த்தினார். "சயின்ஸ் டீச்சர் என்னமோ புளிச்ச நாத்தம் அடிக்கறதை ஊத்தி வெச்சிருந்தாங்க. பெரிய மனுஷர் கையில அதையா கொடுக்கறது? நானே கொட்டிக் கழுவிட்டு, உசந்த பாட்டில் தண்ணியா ஊத்தி வெச்சேன்."

கொழுந்தன் கையிலிருந்த பூதக்கண்ணாடி தரையில் விழுந்தது. தாளாளர் மெல்ல எழுந்தார்.

"முக்கால் மணி நேரம் என்னய்யா பேசினீங்க?"

"வேதிவினை..." அந்தச் சொல்லின் பாதியில்தான் முதல்வருக்கு விஷயம் உறைத்தது. "எழுதிக் கொடுத்ததை அப்படியே படிச்சேன் சார்."

போக்கிடம் தேடிய அவர் பார்வை மாணவி மேல் நின்றது. "ஏம்மா, வாசனையே வரலைன்னு நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் சார். பெரியவங்க இருக்கற இடத்துல வாயைத் திறக்காதேன்னீங்க."

முதல்வர் அவசரமாக டிசியை நான்காகக் கிழித்தார். "சரி, முடிஞ்சுது. வகுப்புக்குப் போ."

அவள் நகரவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை.

"திருடின்னு என்னை மைக்லதானே சொன்னீங்க? இதையும் மைக்லயே சொல்லுங்க சார்."

தாளாளர் மேடைக்குப் போய் ஒலிபெருக்கியைப் போட்டார். அது கர்ரென்று கனைத்தது. பள்ளி முழுவதும் காது கொடுத்துக் காத்திருக்க, முதல்வர், எழுதிக் கொடுக்க ஆளில்லாமல், வாயைத் திறந்தார்.