புளியமரத்துக்குச் சொன்ன இடம்

சித்திரை வெயிலிலும் துணி காயவில்லை. செபஸ்தியான் கொடியிலிருந்து சட்டையை எடுத்து முகர்ந்தார். ஈர வாடையோடு புளியந்தளிரின் புளிப்பும் சேர்ந்து வந்தது. முற்றத்தில் மரம் கிடையாது, சூரமங்கலத்தில் அந்தத் தெருவிலேயே ஒரு புளியமரம் கிடையாது. ஆனாலும் கொஞ்ச நாளாகவே, ஊரெல்லாம் வெயில் கொதிக்க, கொடிக்குக் கீழே மட்டும் தரை சில்லென்று கிடந்தது. அங்கே பொடிப்பொடியாக விழும் இலைகளை அவர் மனைவி ஞானமேரி காலையும் மாலையும் கூட்டி அள்ளினாள். காற்றில் வந்திருக்கும் என்றார் அவர். காற்றே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அவர் நகராட்சி ஓவர்சியர். பஸ் திரும்ப இடம் போதவில்லை என்று, ரயிலடிக்குப் போகும் ரோட்டில் நின்ற புளியமரத்தை எடுத்துவிடத் தீர்மானம் போட்டார்கள். காய்த்துக் குலுங்குகிற மரத்தை ஏன் வெட்ட வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். உள்ளே பொந்து விழுந்துவிட்டது என்று நகரசபையில் எழுந்து நின்று சொன்னவர் இவர்தான். அறுத்துப் பார்த்தால் நடுமரம் கல் மாதிரி இறுகியிருந்தது.

அறுக்க வந்தவர் புதுச்சத்திரத்து ராசப்பன். ரம்பத்தின் பல் போய்விடும் என்று முதலில் மரத்திலிருந்த ஆணிகளைப் பிடுங்கினார். பேய் பிடித்த பெண்களைக் கூட்டி வந்து, உச்சிமுடியில் ஒரு கொத்தை அந்த மரத்தில் வைத்து ஆணியடித்து, முடியை அறுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது அந்தப் பக்கத்து வழக்கம். எத்தனை தலைமுறை ஆணியோ, ஒவ்வொன்றும் முடியோடு வந்தது. பழைய இரும்புக்குப் போடலாமே என்று செபஸ்தியான் எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் அள்ளிக்கொண்டுபோய் வீட்டுப் பரணில் வைத்தார்.

ரம்பம் வைக்கும் முன் ராசப்பன் கைகட்டி நின்றார்.

"இதுல இருக்கறவிய எங்க போறதுன்னு ஒரு எடஞ் சொல்லோணுமுங்க. வெட்டச் சொன்னவிய வாயாலயே சொல்லோணும்."

செபஸ்தியானுக்குச் சிரிப்பு வந்தது. பூசை தவறாத குடும்பத்தில் பிறந்தவரிடம் இந்தக் கதையா?

"எங்க ஊட்டுக்கே போகச் சொல்லு. எடம் நெறைய இருக்குது."

கூட நின்ற ஆட்களும் சிரித்தார்கள். ராசப்பன் சிரிக்கவில்லை.

இப்போது வீட்டுக்குள் ஏதோ இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் சுவரில் கிளை நிழல் அசைந்தது, பரணில் அந்த டப்பா மெல்லக் கலகலத்தது, எலியாக இருக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் அவருடைய ஒரே மகள், ஏழு வயது ஜெபமலருக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கு இறங்கவில்லை. அன்று மத்தியானம் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அப்பா, அந்த அக்காங்கெல்லாம் எந் தலையச் சீவி உடறாங்க."

குழந்தை போய்விடுவாளோ என்ற பயத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மரம் அறுத்து விற்கும் தொட்டிக்குப் போனார். ராசப்பன் அங்கே புளியந்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார்.

"கூப்புட்டது நீங்க தானுங்க சாமி. அந்த ஆணியக் கொண்டுபோயி வேற பச்ச மரத்துல அடிச்சு, அதுதான் எடம்னு சொல்லிப்போடுங்க. பொழுது உழுகறதுக்குள்ள."

டப்பாவை எடுக்க வீட்டுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டே, எந்த மரம் என்று யோசித்தார். ஏரிக்கரையில் ஒன்று நிற்கிறது. யார் வீட்டுப் பக்கமாக இருந்தால் என்ன, தன் வீட்டை விட்டுப் போனால் சரி. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டார், ஆனாலும் அப்படியேதான் நினைத்தார்.

தெருமுனைக்கு வரும்போது கோயில் மணி அடித்தது. ஞானமேரி எதிரே வந்தாள், தலையில் முக்காடு. குழந்தை அசந்து தூங்குகிறாள், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஓடிவந்துவிடுகிறேன் என்றாள். அவர் நிற்கவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சில்லென்றிருந்தது. புளிப்பு வாடை மூக்கை அடைத்தது. காலடியில் இலை. கூடமெல்லாம் இலை.

பரணில் கை விட்டார். டப்பா கிடைத்தது. கனமே இல்லை.

மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ஜெபமலரு."

பாயில் அவள் இல்லை.

கூடத்து மரத்தூணோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். சடை அவிழ்ந்திருந்தது. கொத்துக் கொத்தாகப் பிரித்து, சீவி, தூணின் உச்சிவரை விரித்திருந்தது அவள் முடி. ஒவ்வொரு கொத்திலும் ஒரு துருப்பிடித்த ஆணி.

"பாப்பா."

அவள் சிரித்தாள். வலிப்பதாகத் தெரியவில்லை. இரண்டு கையையும் அவர் பக்கமாக நீட்டினாள்.

வெளியே பொழுது விழுந்தது. அந்தி பட்டதும் புளிய இலை கூம்புகிற மாதிரி, அவள் விரல்கள் இரண்டிரண்டாக மெல்ல மூடிக்கொண்டன.