பார்க்காத முகம்

இருபத்தேழாம் படத்துக்கு மட்டும் ஹேரிமின் உள்ளங்கை வியர்த்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்து இருட்டறையில், சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு நடுவே, வலது கண்ணுக்கு முன்னால் வண்ணக் கட்டங்கள் விடாமல் படபடக்க, இடது கண்ணுக்குக் காட்டப்படும் முகம் தெரியாமலே மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததை மனம் புரிந்துகொள்ளாது என்று நிரூபிக்கத்தான் நான்கு வருடமாக நாயாய் உழைத்தாள். விரலில் மாட்டிய கம்பி வியர்வையை அளந்து கோடாக வரைந்தது. மற்ற முப்பத்தொன்பது முகங்களுக்கும் சமமாக ஓடிய கோடு, இருபத்தேழில் எகிறியது. மூன்று முறையும்.

படங்கள் அவள் சொந்த ஊரான கோங்ஜுவில் ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்தவை. தங்கள் சாவு வீட்டில் வைப்பதற்காக வயதானவர்கள் முன்கூட்டியே சிரித்தபடி எடுத்துக்கொண்டவை. சோதனை கெடக்கூடாதென்று அவள் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. எண்கள் மட்டுமே தெரியும்.

ஸ்டுடியோக்காரர் பியோனிடம் போனில் கேட்டாள்.

"இருபத்தேழா? முந்தாநாள் போய்ச் சேந்துட்டாரும்மா."

மறுநாள் எட்டாம் எண் எகிறியது. அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி கேட்டாள்.

"அந்தம்மா விடியக்காலையிலதான் போனாங்க. உனக்கு யார் சொன்னா?" என்றார் பியோன். "ஆமா, பதினாலு உங்கம்மா. சொல்லலையா?"

சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் மூண்ட சண்டைக்குப் பிறகு எட்டு மாதமாக அம்மாவின் அழைப்பை இவள் எடுப்பதில்லை. வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பச்சைப் பொய்.

அம்மாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்டியாடி?"

ஹேரிமுக்கு உயிர் வந்தது. "நல்லா இருக்கியாம்மா?"

"எனக்கென்ன. பெத்த பொண்ணு எட்டிப் பாக்காட்டி செத்தா போயிடுவேன்?"

அந்தக் குத்தல்கூட இனித்தது. இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இப்போதே முடித்துவிடலாம். அழைப்பைத் துண்டிக்காமலே கம்பியை மாட்டி, எது எப்போது வருமென்று தனக்கே தெரியாதபடி படங்களைக் கலைத்து ஓடவிட்டாள்.

கட்டங்கள். கட்டங்கள். சட்டென்று கை நனைந்தது.

நிமிர்ந்தாள். கோடு உச்சியில் நின்றது. கீழே எண். பதினாலு.

"காலையில குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்டி," என்றது அம்மாவின் குரல். "தரை ஜில்லுனு இருக்கு. கூடத்துல போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. எந்திரிச்சு எடுக்க முடியல. நீதான் கூப்பிடுறியா?"

ஹேரிம் போனைப் பார்த்தாள். திரையில் இன்னும் 'அழைக்கிறது' என்றுதான் இருந்தது. மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.