அந்தரநகரில் ஒரு மார்கழி

நீடாமங்கலத்துக்கு மேலே அந்தரநகர் ஏழு தளம் உயர்ந்த பிறகும், கீழே ஒரு குழி நிலம்கூடக் குறையவில்லை. ஜனம் பெருகப் பெருக வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த டெல்டாவில் அதைத் தடுத்துக் காட்டியவர் பொறியாளர் தில்லைநாயகி. தூண்களின் மேல் ஊர்; தூண்களுக்கு நடுவே நெல். கூரையிலிருந்த கதிர்வாங்கிகள் வெயிலை அள்ளி, ஒளிநார்கள் வழியே வயல்களுக்கும் வீட்டு ஜன்னல்களுக்கும் பங்கிட்டன.

அந்த ஆண்டு மார்கழி பிறந்தும் மேகம் கலையவில்லை. நெல் பால்பிடிக்கும் நேரம். ஊர் களத்தில் கூடியது.

“இந்த வெளிச்சத்துக்கு எல்லாம் பதராத்தான் போவும்,” என்றார் விவசாயி கலியமூர்த்தி. “வீடுவளுக்குப் போற பங்கையும் வயலுக்கு விட்டாத்தான் தேறும்.”

“வீட்டுக்கு பல்பு போதும், வயலுக்குப் போதாது. ஆனா மேல இருக்கறவங்க சம்மதிக்கணும்,” என்றார் தில்லைநாயகி.

எல்லோரும் ஏழாவது தளத்துக்காரர்களைப் பார்த்தார்கள். கடல் ஏறி ஊரை இழந்து, பழவேற்காட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள். இந்த மண்மேல் அவர்களுக்கு என்ன பற்று இருக்கப்போகிறது?

இடுப்பில் கைக்குழந்தையோடு தேசம்மா எழுந்தாள்.

“எங்க ஊட்டு ஜன்னல மொதல்ல மூடுங்க. சோத்துக்கு வரிசைல நின்னவங்க நாங்க. இங்க வந்துதான் வயிறாரத் துன்றோம்.”

அதன் பிறகு மற்றத் தளத்துக்காரர்களும் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஏழு தளமும் ஜன்னல் இருண்டு பல்பு வெளிச்சத்தில் வாழ்ந்தது. துணி காயவில்லை, குழந்தைகள் சிணுங்கினார்கள். ஆனால் தினமும் யாராவது இறங்கிவந்து, நெற்கதிரைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். தையில் களம் நிறைந்தது. கலியமூர்த்தி முதல் மூட்டையைத் தானே சுமந்துபோய் தேசம்மா வீட்டு வாசலில் இறக்கினார். தான் கட்டியது வெறும் கட்டடமல்ல, ஓர் ஊர் என்று தில்லைநாயகி அன்றுதான் நம்பினார்.

பொங்கல் கழிந்ததும் நகர ஆணையர் பர்வீன் எட்டாவது தளத்தின் வரைபடத்தோடு வந்தார்.

“நாடே உங்க ஜனங்களப் பத்தித்தான் பேசுது, மேடம். இன்னும் லட்சம் பேருக்கு இடம் கேக்கறாங்க. இந்தத் தடவ கட்டறது சுலபம்.”

தில்லைநாயகி பெருமையோடு வரைபடத்தை விரித்தார். ஒளிநார் நுழைய இடைவெளிகூட இல்லாமல் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன.

“ஜன்னல் எங்கங்க?”

“அது இல்லாமலும் இருக்கலாம்னு நீங்கதானே காட்டிட்டீங்க,” என்றார் பர்வீன், உண்மையான மரியாதையோடு.