அழுத்தி எழுதாதே...!

"அய்யோ... நான் அவர ஒண்ணும் பண்ணல சார்...!"

லாக்கப்பில் எழுந்த அலறல், டெலிபோன் வழியாகத் தடயவியல் கூடம் வரை கேட்டது.

கையெழுத்து நிபுணராக அங்கே வேலை பார்ப்பவள் திடுக்கிட்டாள்.

"யாரு அத்தான் அது?"

மறுமுனையில் இன்ஸ்பெக்டர். அவளுடைய அக்காவின் கணவர்.

"ஒரு பொண்ணு. புருஷன் தூக்க மாத்திரை முழுங்கிச் செத்துட்டான். 'என் சாவுக்கு என் மனைவிதான் காரணம்'னு சீட்டு எழுதி வச்சிருக்கான். நாளைக்குக் கோர்ட். அதோட அவ வாழ்க்கை முடிஞ்சுது!"

"சீட்டு அவன் எழுதினதுதானா?"

"அதச் சொல்லத்தானே உனக்குச் சம்பளம்! கிளம்பி வர்றேன்."

வந்தார். ஒரு கையில் ஃபைல். மறு கையில் பென்சில்!

"பென்சில் எதுக்கு?"

"லேசாத் தேய்ச்சா, மேல் தாள்ல எழுதின எழுத்தோட அழுத்தம் அடித் தாள்ல தெரியுமாமே? சினிமால பார்த்தேன்."

"தேய்ச்சீங்களா...?"

"இன்னும் இல்ல..."

"பொழச்சீங்க! தேய்ச்சா தடயம் நாசம். பென்சில வச்சுட்டு, கையையும் கட்டிக்கிட்டு உட்காருங்க."

உட்கார்ந்தார். ஊரை நடுங்க வைக்கிற மனுஷன், மச்சினியிடம் மட்டும் பெட்டிப் பாம்பு.

சீட்டை ஈரக் காற்றில் பதப்படுத்தி, உலோகத் தட்டில் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினாள். மின்னூட்டம் கொடுத்தாள். கறுப்புப் பொடியைத் தூவினாள். மேல் தாளில் எழுதியது அழுந்திய இடம் இருந்தால் பொடி அங்கே ஒட்டும்.

எங்கேயும் ஒட்டவில்லை!

"எழுத்து செத்தவரோடது மாதிரிதான் இருக்கு. ஆனா எழுதின மாதிரி இல்ல, வரைஞ்ச மாதிரி இருக்கு. சந்தேகம்தான்... சத்தியம் பண்ண முடியாது அத்தான்."

"அப்ப அந்தப் பொண்ணு கதி?"

அவள் ஃபைலைப் புரட்டினாள். அந்த அலறல் இன்னும் காதிலேயே இருந்தது.

"புகார் கொடுத்தது யாரு?"

"செத்தவனோட அண்ணன். தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே எழுதினான், பாவம்."

"எந்தப் பேப்பர்ல?"

"அவன் வீட்லேர்ந்து கொண்டு வந்ததுல. ஸ்டேஷன்ல பேப்பர் தீர்ந்து போச்சு."

"எப்ப தீர்ந்துச்சு?"

"நான் வேலைல சேர்றதுக்கு முன்னாடியே."

அவள் நிமிர்ந்தாள். "அந்தப் புகாரக் கொடுங்க!"

மறுபடியும் தட்டு. மறுபடியும் பொடி.

முதலில் புள்ளிகள் தெரிந்தன. மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளிதான் எப்போதும் ஆழமாகக் குத்தும். பிறகு கொம்பு... சுழி... புகாரின் வரிகளுக்கு நடுவே வேறு வரிகள்!

'என் சாவுக்கு... என் சாவுக்கு என்... என் சாவுக்கு என் மனைவிதான்...'

பக்கம் முழுக்க!

"அடப்பாவி!" இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார்.

"தம்பி எழுத்த எழுதிப் பழகியிருக்கார். பழகின தாள எரிச்சிருப்பார். அடுத்த தாளக் கிழிச்சு உங்ககிட்டயே புகார் எழுதிட்டார்!"

"பூர்வீக வீட்ட விக்கத் தம்பி ஒத்துக்கலன்னு அவனே என்கிட்ட புலம்பினான். மாத்திரையும் இவன் கைவரிசைதான்!" டெலிபோனைப் பிடுங்கினார். "யோவ்! அந்தப் பொண்ண வெளிய விடு... நாற்காலி போடு, தண்ணி கொடு. அண்ணன்காரன அமுக்கு!"

மறுமுனையில் மறுபடியும் அழுகை. இது வேறு அழுகை. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"பலே மச்சினி!" இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். "கேஸ் முடிஞ்சுது. வரட்டுமா?"

"இருங்க. ஃபைல்ல இருந்த எல்லாத் தாளையும் பார்க்கணுமில்ல? பரிசோதனை பண்ணச் சொல்லி நீங்க எழுதின கடிதத்தையும், நீங்க போன்ல பேசுறப்பவே தட்டுல வச்சுப் பார்த்தேன்."

"அதுல என்ன...?"

பொடியில் தெரிந்ததைப் படித்தாள். "'என் மனைவி கடுங்காய்ச்சலால் படுத்த படுக்கையாக இருப்பதால், எனக்கு மூன்று நாள் விடுப்பு...'"

இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறியது.

"அது வந்து... சிநேகிதங்களோட... மீன் பிடிக்க..."

"புகாருக்கு இல்லாத பேப்பர் லீவு லெட்டருக்கு மட்டும் கிடைச்சுதாக்கும்! அது போகட்டும்..."

அவள் டெலிபோனைக் கையில் எடுத்தாள்.

"அக்காவுக்குக் காய்ச்சல்னு அக்காவுக்குத் தெரியுமா, அத்தான்?"