இரண்டு பேருக்கான கார்

வால்வுகளைத் தட்டும் டப்பெட்டை மூன்றாம் முறை சரிபார்த்த பிறகும் எஞ்சினுக்குள் ஒரு சத்தம் மிஞ்சியிருந்தது. ஓட்டத்தோடு சேராமல், நினைத்த நேரம் வந்து நினைத்த நேரம் நிற்கிற ஒரு தட்டல். இரும்பு தன் பாட்டுக்குத் தட்டினால் அதற்கொரு தாளம் இருக்கும். கராஜ்காரன் மனைவியான புஸ்பத்துக்கு அது தெரியும். இதற்குத் தாளம் இல்லை.

அவள் கணவன் கனகசிங்கம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய இங்கிலீஷ் கார் அது. இரண்டே இருக்கை, திறந்த கூரை, தையல் மெசினை விடச் சற்றே பெரிய எஞ்சின். அதைக் கழற்றிவிட்டு ஒரு வான் எஞ்சினை ஏற்றப்போகிறேன் என்று அவன் முன்பக்கத் தகரத்தை வெட்டியபோது கிரான் ஊரே சிரித்தது. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்றார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஒரு பகலில் கராஜ் வாசலில் ஆமிக்காரரோடு வான் ஒன்று வந்து நின்றது. காருக்கடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவனைக் காலில் பிடித்து இழுத்துப் போனார்கள். இரண்டு வருடம் அவள் முகாம் வாசலுக்கு நடந்தாள். அப்படி ஒருவரையும் கொண்டுவரவில்லை என்ற ஒரே பதில்தான். அழுது தீர்ந்தபின் அவளிடம் மிஞ்சியது கோபம். அவன் வரும்போது கார் ஓடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

கனகசிங்கத்தோடு ஒன்றாகத் தொழில் பழகிய ஓட்டமாவடி மஜீட்தான் எஞ்சினைத் தேடிக் கொடுத்தார். மாங்கேணிப் பற்றைக்காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வானுடையது. அவரும் புஸ்பமுமாகச் சங்கிலிக் கப்பியில் தூக்கி, றேடியேற்றரை முன்னுக்குத் தள்ளி, பொனற் மூட மறுத்ததால் அதில் ஒரு ஓட்டையும் வெட்டி, ஒருவழியாக இறக்கினார்கள்.

இப்போது மஜீட் நீண்ட ஸ்குறூட்றைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார். பழுது எங்கே என்று மெக்கானிக்மார் கேட்கும் முறை அது. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கிணற்றடிக்குப் போய் முழங்கைவரை கழுவிவிட்டு வந்தார்.

"தகரத்தில கையால அடிக்கிற சத்தம், புள்ள. ஒரு கையில்ல. கழட்டிப் போடுவம்."

புஸ்பம் ஸ்குறூட்றைவரை வாங்கித் தானும் காதில் வைத்தாள். உள்ளங்கைகள். பல. அவற்றுக்கும் அடியில், அன்று கராஜ் வாசலில் நின்று இருமிய அந்த வானின் அதே கரகரப்பு. முகங்களை அவள் மறந்திருக்கலாம். எஞ்சினை மறக்கமாட்டாள்.

"கழட்டமாட்டன் மஜீட் காக்கா. இதுக்குள்ள அவரும் இருக்கார். எங்க கொண்டுபோன எண்டு இதுக்குத்தான் தெரியும்."

மறுநாள் உச்சிவெயிலில் அவள் தனியாகப் புறப்பட்டாள். தார் உருகும் மணமும், சூடேறிய இருக்கை றெக்சின் மணமும், இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்வட்டையிலிருந்து வரும் வைக்கோல் மணமும் திறந்த காருக்குள் அடித்தன. அவற்றுக்கிடையில், நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்த துணியின் வாடை மெல்ல மெல்லத் தடித்து வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே எதுவும் இருண்டிருக்கவில்லை. கண் கூசும் வெளிச்சம். பயமாகத்தான் இருந்தது. பயந்தால் பயந்தபடியே போவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மண்பாதை வந்தது. ஸ்டியரிங் தானாகவே திரும்பியது. அவள் தடுக்கவில்லை.

கண்டல் மரங்களுக்குப் பின்னால் வாவி. கரையில் எஞ்சின் தானாக நின்றது. தட்டலும் நின்றது. ஒரு கொக்கின் சத்தம்கூட இல்லை.

காரின் பின்பக்கம் ஒருமுறை அமுங்கியது. யாரோ ஏறினால் அமுங்குவதுபோல.

மறுபடி. மறுபடியும். வில்தகடுகள் முனகின. பக்கத்து இருக்கையின் றெக்சின் குழிந்தது. குழியில் உப்புத்தண்ணீர் ஊறியது. பிடரியில் குளிர்ந்த மூச்சு. ஒன்றல்ல.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"எல்லாரும் ஏறிற்றீங்களா?"

தகரத்தில் ஒரு தட்டு.

சாவியைத் திருப்பினாள். பழைய எஞ்சினாக இருந்தால் இந்தப் பாரத்துக்கு அதே இடத்தில் செத்திருக்கும். இது இழுத்தது. இந்தப் பாரம் இதற்குப் பழக்கம். அடித்தகரம் மண்ணில் உரச உரச, கார் மேட்டில் ஏறித் தார்ரோட்டுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பும் சந்தியை அவள் கடந்து போனாள். முகாமுக்கு நேர்ரோடு.

முகாம் வாசலின் தடுப்புமரத்தடியில் காவல் நின்ற சென்றிக்காரன் அவளை அடையாளம் கண்டு அலுப்போடு வந்து அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"திரும்ப வந்ததா? தனியவா?"

"இல்ல."

அவன் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் போனது. வாய் திறந்தது. துவக்கு கையிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்தது.

புஸ்பம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். அவள் தோளுக்கு மேலால், காதுக்குப் பக்கத்தால், மணிக்கட்டுகளில் கம்பி இறுகிய கைகள் சோடி சோடியாக நீண்டன. வாவித் தண்ணீர் சொட்டச் சொட்டத் தடுப்புமரத்தைப் பிடித்துத் தூக்கத் தொடங்கின. ஊறி வெளுத்த அந்தக் கைகளில் ஒரு சோடியின் நகங்களில் மட்டும் எஞ்சின் ஒயிலின் கறுப்பு இன்னும் போகவில்லை.