சேனைத் தண்ணீர்

ஜெஸ்ஸியின் கீழுதட்டில் எறும்பு ஊர்வது போலிருந்தது. துடைத்தாள். விரலில் எறும்பு இல்லை.

அறையில் பால்வாசமும் சாம்பிராணிப் புகையும் கலந்து கிடந்தன. சன்னலுக்கு வெளியே கொடைக்கானல் பேருந்துகள் வத்தலக்குண்டு நிலையத்துக்குள் திரும்பும் இரைச்சலுக்கு நடுவிலும், அவள் காதோரத்தில், எலும்புக்கு உள்ளே எங்கோ, ஒரு குழந்தை விரல் சப்பும் சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. தங்கை நான்சியின் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய் மூடியிருந்தது.

நான்சியின் போன பிள்ளைக்கும் ஜெஸ்ஸிதான் சேனை வைத்தாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பிள்ளையில்லாத தன்னைத் தங்கை கேட்ட சந்தோஷத்தில் உதட்டுக் கொப்புளத்தை அவள் பொருட்படுத்தவில்லை. விரலைத் தன் உதட்டில் வைத்து இனிப்புப் பார்த்துவிட்டு, அதே விரலால் வைத்தாள்.

சில நாளில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. திண்டுக்கல் டாக்டர் அவள் உதட்டைப் பார்த்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டார். கொப்புளத்திலிருந்த கிருமிதான் பிள்ளைக்குத் தொற்றியதாம். அது உயிரணுவுக்குள் புகுந்து, அதன் சொந்த வேலையை நிறுத்தி, தன்னையே படியெடுக்க வைக்குமாம். பெரியவர்களிடம் காதருகே ஒரு நரம்பில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். குடியிருக்கும் அணுவைச் சாகவும் விடாதாம். காய்ச்சலோ துக்கமோ வந்தால் எழுந்து உதட்டுக்கு வருமாம்.

பிள்ளை பிழைக்கவில்லை. டாக்டர் சொன்னதை அவள் நான்சியிடம் சொல்லவில்லை. அழுதாள். அவனை நினைத்து அழுத ஒவ்வொரு முறையும் கொப்புளம் வந்தது.

இன்று சொல்லிவிடத்தான் வந்தாள். சொன்னால் தங்கை இல்லை. சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் இல்லை.

அம்மா லூர்தம்மாள் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். “மசமசன்னு நிக்காம வையிடி. ஒன்னய மாதிரி அழுமூஞ்சியா வந்தாலும் பரவால்ல.”

“வேற யாரையாச்சும் வைக்கச் சொல்லும்மா.”

“ஒன் கைதான்க்கா வேணும்,” என்றாள் நான்சி. “அவன் போனப்ப என்னயவிட நீதான அழுத.”

ஜெஸ்ஸிக்குக் கண் நிறைந்தது. உதடு சுட்டது.

சொல்ல வாய் திறந்தாள். குரல் வரவில்லை.

கை எழுந்தது. அவள் தூக்கவில்லை. விரல் உதட்டைத் தொட்டது. ஈரம். பிறகு கிண்ணம்.

பிள்ளை கண் விழித்தது. தெரிந்தவரைப் பார்த்ததுபோல் வாயைத் திறந்தது.

பிள்ளையின் வாய்க்குள் போன விரலை இழுத்தாள். வரவில்லை.

“அவங்கண்ணன் மாதிரியே சப்புறான் பாருக்கா,” என்று நான்சி சிரித்தாள்.

காதுக்குள் அண்ணனும் சப்பிக்கொண்டிருந்தான். அதே தாளத்தில்.