கதவுத் தாளம்

வட்டகொடை ஸ்டேஷனைத் தாண்டித் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஏறிய வாடகை வேன், மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையின் முன் நின்றது. பகல் சாப்பாட்டு வேளை கழிந்திருந்தது. கட்டடத்தின் மேல்பாதியைப் பனி மூடியிருந்தது. துஷாந்த் முதலில் இறங்கினான். அவன் தங்கை நிலக்ஷி, துண்டு சுற்றிய வலது கையை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் இறங்கினாள்.

துண்டுக்குள் அந்தக் கை தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு ஒரு தட்டு.

அந்தத் தாளம் இப்போது எல்லோருக்கும் தெரியும். 'கதவு' என்ற அந்த மின்னிசை நடனப் பாடலை துஷாந்த் ஹட்டனில் தன் அறையிலிருந்த கணினியில் செய்தான். வீடியோவை இங்கேதான் எடுத்தார்கள். மாடியில் ஒரு மூடிய கதவின் முன்னால் நிலக்ஷி விரல்முட்டியால் தட்டித் தட்டி ஆடுவாள். முடிவில் கதவு திறக்காமலே திரை இருண்டுவிடும். கல்யாண வீடுகளிலும் பஸ்களிலும் பிள்ளைகள் காற்றில் கதவு தட்டி ஆடினார்கள். விருதும் கிடைத்தது.

விருது வாங்கிய வாரத்தில் நிலக்ஷியின் கை தானாகத் தட்டத் தொடங்கியது. தூக்கத்திலும் நிற்கவில்லை. சுவரிலும் கட்டிலிலும் பட்டு முட்டித் தோல் உரிந்தது. கண்டியில் பார்த்த டாக்டர் நரம்புக்கோளாறு என்றார். இப்படியே போனால் கையே உதவாமல் போய்விடும் என்றும் சொன்னார். அந்தக் கதவிடமே தன்னைக் கூட்டிப் போகும்படி நிலக்ஷிதான் கேட்டாள். ஒலிப்பதிவுக் கருவி மட்டும் வேண்டாம் என்றாள். துஷாந்த் அதைப் பையின் அடியில் வைத்திருந்தான். அடுத்த பாட்டு எப்போது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காவல்காரர் நல்லமுத்து வாசலில் உட்கார்ந்து போனில் அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவரும் ஒரு கணம் வருவார்.

"அடுத்ததுல நம்மள கொஞ்சம் நல்லா காட்டுங்க தம்பி. 'அது நீ இல்ல, தூணு'ன்னு வீட்ல சொல்றா."

அந்த அறை என்ன அறை என்று நிலக்ஷி கேட்டாள். தூள் சலிக்கும் அறை என்றார் அவர். பெண்கள் மடியில் தூளை மறைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, அந்தக் காலத்தில் வேலை முடியும்வரை வெளியே தாழ் போட்டு வைப்பார்களாம். ஒரு சனிக்கிழமை, வீரம்மா என்றொருத்தி உள்ளே இருப்பதை மறந்துவிட்டார்கள்.

"தட்டியிருக்கா. கீழ உள்ளவங்களுக்குக் கேட்டுச்சாம். மிஷின் சத்தம்னு விட்டுட்டாங்க. திங்கக்கிழமை தொறந்தப்ப மூச்சு இல்ல."

துஷாந்த் மாடியை நிமிர்ந்து பார்த்தான். அந்தத் தாளம் அவன் போட்டதல்ல. வீடியோவுக்கு இடம் பார்க்க வந்தபோது அந்தக் கதவுக்குள்ளிருந்துதான் கேட்டது. காற்றில் தகரம் அடிக்கிறது என்று நினைத்து, கருவியைக் கதவோடு ஒட்டிப் பிடித்துப் பதிவு செய்துகொண்டு போனான். யார் என்று கேட்கவில்லை.

ஆனால் மறுகணமே, அடுத்த பாட்டுக்கு நல்ல கதை என்றும் அவனுக்குத் தோன்றியது.

நிலக்ஷி வேனிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டாள்.

மாடியில் இருவரும் தாழை விலக்கி உள்ளே போனார்கள். ஜன்னல்களில் தகரம் அடித்திருந்தது. ஈரச் சாக்கும் பழைய தூளும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே தாழ் நகர்ந்தது. மெதுவாக, முழுவதுமாக.

துஷாந்த் கதவை இடித்தான். போனில் சிக்னல் இல்லை. மீண்டும் இடித்தான். எப்படி இடித்தாலும் அவன் கையிலிருந்து ஒரே தாளம்தான் வந்தது. மூன்று, ஒரு மூச்சு, ஒன்று.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. நல்லமுத்து போனில் பாட்டு அலற மேலே வந்தார். துஷாந்த் கத்தினான். பாட்டின் நடுவிலும் ஒரு கூச்சல் வரும்; அதுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நல்லமுத்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, தாளத்தோடு சேர்ந்து சீழ்க்கை அடித்தார். பிறகு சீழ்க்கை படியிறங்கிப் போயிற்று.

இருட்டு நெருங்கி வந்தது. தூள் வாடை மூக்கை அடைத்தது.

துஷாந்தின் கை ஓய்ந்தது. ஆனால் தட்டு ஓயவில்லை.

கதவின் அடிப்பாகத்தில், அவர்கள் இருந்த பக்கத்திலேயே, யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிலக்ஷி முருகனை நினைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல மண்டியிட்டாள்.

"அக்கா... கை வலிக்குதாக்கா?"

தட்டு நின்றது.

இத்தனை காலத்தில் வீரம்மாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நிலக்ஷி போத்தலைத் திறந்து இருட்டில் நீட்டினாள். அது அவள் கையை விட்டுப் போயிற்று. தண்ணீர் ஒரு தொண்டையில் நெடுநேரம் இறங்கும் ஓசை கேட்டது.

அவள் முதுகுக்குப் பின்னால் சிறிய சிவப்பு வெளிச்சம் ஒன்று எரிந்தது. துஷாந்த் கருவியை முடுக்கியிருந்தான்.

தாழ் தானாக விலகியது. வெளிச்சம் வந்தது. தரையில் வெறும் போத்தல் நின்றது. தூளில் ஒரு சொட்டு ஈரமில்லை. நிலக்ஷியின் கை அசையாமல் கிடந்தது. அவள் அழுதாள். கதவு இனி மூடாதபடி ஒரு செங்கல்லை அண்டை கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வேன் கிளம்பியதும் அவள் தூங்கிப்போனாள். துஷாந்த் காதில் இயர்போன் மாட்டிப் பதிவைப் போட்டான். முதலில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு தட்டு கேட்டது. காதுக்குள்ளேயே தட்டுவதுபோல் இருந்தது.

இயர்போனைப் பிடுங்கி எறிந்தான். தட்டு நிற்கவில்லை.

அவன் விரல்முட்டி ஜன்னல் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா தட்டுங்க தம்பி," என்றார் டிரைவர், திரும்பாமலே. "நமக்கும் அந்தப் பாட்டுன்னா உசுரு."

நிலக்ஷி கண் விழித்தாள். பார்த்தாள். தன் துண்டை எடுத்து அவன் கையில் சுற்றி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வேனைத் திருப்பச் சொன்னாள். பனியில் பாதை தெரியவில்லை, வட்டகொடை ஸ்டேஷன் போகும்வரை திருப்ப இடமில்லை என்றார் டிரைவர்.

"பயப்படாதீங்கண்ணே," என்று கிசுகிசுத்தாள். "திரும்பிப் போவோம். இந்தத் தடவ நீங்க கேளுங்க."

துண்டுக்குள் மூன்று தட்டு. ஒரு மூச்சு இடைவெளி.

அடுத்த தட்டு அவன் கையிலிருந்து வரவில்லை. வேனின் பின்கதவிலிருந்து வந்தது.